குரூப் ஈ என்றதும் கடைசி ஸ்டேஜ் என்று நினைத்துவிட்டேன்

பாப்பாவுக்கு அப்போது ஒன்றே கால் வயது. காதுகுத்து அன்று மொபைலில் எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்திருந்தது, பூனைக் கண் மாதிரி. பிளாஷ் கோளாறு என்று விட்டுவிட்டோம். மாமியார்தான் "வலக்கண்ணு ஒதுங்குது பாரும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் காட்டிய டாக்டர், மாறுகண்தான், வளர வளரச் சரியாகிவிடும் என்றார். அதிலேயே மூன்று மாதம் போனது. இன்னும் ஆறவில்லை எனக்கு.

பெரிய கண் மருத்துவமனையில் மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது விழித்திரைப் புற்றுநோய். பயாப்ஸி எடுக்கவில்லை, ஊசி குத்தினால் கட்டி வெளியே சிதறலாமாம். பைலில் 'வலது குரூப் ஈ, இடது குரூப் ஏ' என்று இருந்தது. ஏ, பி, சி, டி, ஈ என்று விரல்விட்டு எண்ணினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டரம்மாதான் தண்ணீர் கொடுத்துச் சொன்னார்: "இந்த எழுத்து கண்ணுக்குத்தாம்மா, குழந்தைக்கு இல்லை." ஏ என்றால் 3 மி.மீ.க்குள், பார்வை மையத்தையும் கண் நரம்பையும் விட்டுத் தள்ளி இருக்கும் கட்டி. ஈ என்றால் அந்தக் கண்ணைக் காப்பாற்றுவது கடினம். ஸ்டேஜ் வேறு கணக்கு. கண்ணைத் தாண்டிப் பரவியிருக்கிறதா என்பதற்கு. வலக்கண்ணை எடுத்து, நரம்பின் நுனியைப் பரிசோதித்து, அங்கே நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்த அன்றுதான் சோறு இறங்கியது. இடது கண்ணுக்கு லேசர்.

பதில் 1: எங்கள் பையனுக்கு ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். அதில் ஸ்டேஜே கிடையாது, நோய் திரும்பும் ஆபத்தை வைத்து ரிஸ்க் பிரிவுதான். வயது 1 முதல் 10க்குள், வெள்ளணுக்கள் 50,000க்குக் கீழே என்பதால் முதலில் ஸ்டாண்டர்ட் ரிஸ்க் என்றார்கள். முதல் மாத மருந்து முடிந்து எலும்பு மஜ்ஜையில் மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்களைப் பார்த்தபோது 0.01 சதவீதத்துக்கு மேல் இருந்தது. ஹை ரிஸ்க்குக்கு மாற்றிவிட்டார்கள். மருந்து கூடியது, அவ்வளவுதான். இப்போது ஐந்தாம் வகுப்பு.

பதில் 2: அக்கா, இரண்டு கண்ணிலும் இருந்தால் பிறவியிலேயே மரபணுவில் இருக்குமாமே? தம்பிக்குப் பார்த்தீர்களா?

ஆமாம்மா, ஆர்பி1 என்ற மரபணுவில் கோளாறு. தம்பி பிறந்த வாரமே கண்ணைப் பார்த்துவிட்டார்கள், ரத்தமும் எடுத்தார்கள். அவனுக்கு இல்லை. பாப்பா இப்போது செயற்கைக் கண்ணைத் தானே கழற்றிக் கழுவுகிறாள், தம்பியை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு.