ஈரச் சவரமா, மின்சவரமா?

தாமிரபரணி:
இருபது ஆண்டுகளாகப் பிரஷ்ஷும் இருமுனை பிளேடும் கொண்டே சவரம் செய்துவருகிறேன். மின்கருவிதான் தோலுக்கு நல்லது என்று இப்போது பலரும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வெந்நீரில் முகம் கழுவி, நுரை பூசி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருந்தால் முடி நீரில் ஊறி மென்மையாகிவிடும். பிறகு ரேசரை அழுத்தவே வேண்டியதில்லை, அதன் எடையே போதும். கிங் ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1904இல் காப்புரிமை பெற்ற அந்த ரேசரின் அடிப்படை அமைப்பு இன்றும் மாறவில்லை. பிளேடு மழுங்கினால் சில ரூபாயில் மாற்றிக்கொள்ளலாம். மின்கருவியிலோ, உள்ளிருக்கும் பேட்டரி ஓய்ந்துவிட்டால் பெரும்பாலும் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வைகைக்கரை:
ஐயா, செலவுக் கணக்கை நான் மறுக்கவில்லை. தோலைப் பற்றி நீங்கள் சொல்வதுதான் எல்லோருக்கும் பொருந்தாது. எனக்குச் சுருள் முடி. பிளேடு பட்ட மூன்றாம் நாள் தாடைக்குக் கீழே சிவந்த பருக்கள் வரிசையாக எழும்பும்; சட்டைக் காலர் உரசினாலே எரியும். ஒட்ட வெட்டப்பட்ட சுருள் முடி, கூரிய நுனியோடு வளைந்து தோலுக்குள்ளேயே திரும்ப நுழைவதால் வரும் தொல்லை இது. மின்கருவியில் தோலுக்கும் கத்திக்கும் நடுவே துளையிட்ட மெல்லிய தகடு இருப்பதால் முடி தோல்மட்டத்துக்குச் சற்று மேலேயே நின்றுவிடுகிறது. பலர் குறையாகக் கருதும் அந்தச் சொரசொரப்புதான் எனக்கு நிம்மதி.

தாமிரபரணி:
அந்தப் பழியை எல்லா பிளேடுகள் மேலும் போடாதீர்கள். மூன்று, ஐந்து என்று அடுக்கிய பிளேடுகளில் முதலாவது முடியை இழுத்துப் பிடிக்க, அடுத்தது வெட்ட, மிஞ்சியது தோலுக்குள் பின்வாங்கிவிடுகிறது. ஒற்றை பிளேடில், முடி வளரும் திசையிலேயே ஒருமுறை மட்டும் வழித்துப் பாருங்கள். எதிர்த்திசையில் போகவே வேண்டாம்.

வைகைக்கரை:
அதையும் ஆறு மாதம் செய்து பார்த்துவிட்டேன், ஐயா. பருக்கள் குறைந்தன, நிற்கவில்லை.

மலைக்கோட்டை:
இருவரும் உங்கள் முகத்தையே அளவுகோலாக வைத்துப் பேசுகிறீர்கள். இதய வால்வு மாற்றிய என் தந்தை, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்ற மருந்து சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு, மோவாய் மச்சத்தின் ஓரத்தில் பிளேடு லேசாகப் பட்டதற்கே, படிகாரம் தேய்த்தும் நிற்காமல், துண்டை அழுத்திப் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மருத்துவரும் மின்கருவிக்கே மாறச் சொன்னார். ஆனால், வாரம் ஒருமுறைதான் சவரம் என்பதால் நீண்ட முடி தகட்டின் துளைக்குள் போகாமல் படுத்துக்கொள்கிறது. அப்பா வலியில் முகம் சுளிக்கிறார்.

தாமிரபரணி:
தம்பி, உங்கள் தந்தையிடம் பிளேடைக் கொண்டுபோகக் கூடாது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரை நான் கணக்கிலேயே எடுக்காமல் பேசியது தவறு. ஆரோக்கியமான தோலுக்கு ஈரச் சவரமே மேல் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வைகைக்கரை:
மலைக்கோட்டை நண்பரே, முதலில் டிரிம்மரால் முடியைக் கட்டையாக வெட்டிவிடுங்கள். முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, தொங்கும் கன்னத்தோலை இடக்கை விரல்களால் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு ஷேவரை ஓட்டுங்கள். முடிந்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை செய்யுங்கள். முடி குட்டையாக இருந்தால் இழுக்காது.