ஆயில் கசிவும் தாவும் பிரெஷர் முள்ளும்: கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். என்னுடையது நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட பழைய கார். சில வாரங்களாக இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஆயில் சொட்டுகிறது. இரவு நிறுத்தி வைத்தால் காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை படிந்திருக்கிறது. அதே சமயத்தில் ஆயில் பிரெஷர் கேஜும் தடுமாறத் தொடங்கியது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் 4 பார், நன்றாகச் சூடேறிய பின் ஐடிலிங்கில் 1 பாருக்குச் சற்று மேல் என்று காட்டுவதில் மாற்றமில்லை. ஆனால் மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கும்போது முள் கடைசிக் கோடு வரை தாவி, மறுகணமே இறங்கிவிடுகிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்ததில்லை. டிப்ஸ்டிக்கிலும் அளவு சரியாகவே இருக்கிறது.

கிராங்க் ஷாப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது என்றும், பிரெஷர் தாவுவதற்கும் அதுவே காரணம் என்றும், கியர்பாக்ஸை இறக்கி சீலை மாற்றும்வரை கனமான ஆயில் ஊற்றி ஓட்டலாம் என்றும் மெக்கானிக் சொல்கிறார். இரண்டும் ஒரே கோளாறாக இருக்க முடியுமா?

மறுமொழி 1

ஒரே கோளாறாக இருக்கலாம், ஆனால் அது சீலாக இருக்க முடியாது. பம்ப்பின் அழுத்தம் பின்பக்க சீலில் விழுவதில்லை. மெயின் பேரிங்கிலிருந்து வழிந்து வரும் ஆயிலை வெளியே விடாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. அது முற்றிலும் கிழிந்தாலும் முள் மேலே ஏறாது. மேலும், உண்மையான ஆயில் பிரெஷர் இன்ஜினின் வேகத்தையும் வெப்பத்தையும் ஒட்டியே மாறும். சக்கரம் பள்ளத்தில் விழுந்ததற்காக நொடிப்பொழுதில் உச்சத்துக்குப் போய்த் திரும்பாது. அப்படித் தாவினால் வயரையும் எர்த்தையும்தான் சந்தேகிக்க வேண்டும்.

பல இன்ஜின்களில் பிரெஷர் சென்சார் பிளாக்கின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ, நீங்கள் சொல்லும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும். அதன் உள்ளே உள்ள மெல்லிய தகடு விரிசல் விட்டால், உலோக உடலும் பிளாஸ்டிக் தலையும் சேரும் மடிப்பு வழியாக ஆயில் கசிந்து, பிளாக்கில் வழிந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் உறையான பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டும். கனெக்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். பின்கள் ஆயிலில் ஊறியிருந்தால் வேறு சான்று தேவையில்லை. சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், சென்சார் வயரைக் கழற்றியும், பிறகு அதை எர்த்தில் தொட்டும் முள்ளைக் கவனியுங்கள். அழுத்தம் கூடக்கூட மின்தடை கூடும் வகை என்றால், கழற்றியவுடன் முள் உச்சத்துக்கும், எர்த்தில் தொட்டவுடன் பூஜ்யத்துக்கும் போக வேண்டும். சில வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும். உங்கள் முள் உச்சத்துக்குத் தாவுவது, முதல் வகையில் தொடர்பு விட்டுவிட்டுப் போவதன் அடையாளம்.

மறுமொழி 2

சென்சார் மீது சந்தேகம் நியாயமானதே, ஆனால் கசிவை மேலிருந்து தேடுவதே முறை. ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே சொட்டும் இடம் கசியும் இடமாக இருப்பது அபூர்வம். டேப்பட் கவர் கேஸ்கட்டின் பின் மூலையில் கசிந்தாலும் இதே இடத்தில்தான் சொட்டும். டிகிரீசர் போட்டு இன்ஜினின் பின்பக்கத்தைச் சுத்தமாகக் கழுவி, உலர்ந்த பின் டால்கம் பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பரப்பில் ஈரக்கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அங்கேதான் கோளாறு. அப்படியும் பிடிபடாவிட்டால், புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை ஆயிலில் கலந்து பார்க்கலாம்.

இன்னொன்று: பிசிவி வால்வு அடைத்திருந்தால் கிராங்க் கேஸில் சேரும் வாயு வெளியேற வழியின்றி, நல்ல சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். சீலை மாற்றிய சில நாட்களிலேயே மீண்டும் கசிகிறது என்ற புலம்பல்களில் பல இந்த மலிவான வால்வில்தான் முடிகின்றன.

மறுமொழி 3

முள் பொய் சொல்கிறது என்று தெரிந்தபின், அது காட்டும் 4 பாரையும் 1 பாரையும் மட்டும் எப்படி நம்புவது? சென்சார் துளையில், வயர் இல்லாமல் அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் மெக்கானிக்கல் கேஜைப் பொருத்தி, குளிரிலும் சூட்டிலும் அளந்துவிடுங்கள். ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ, அதாவது 0.7 பார், என்பது பழைய கணக்கு. முடிவான அளவு உங்கள் சர்வீஸ் மேனுவலில் உள்ளதே. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதில் நிம்மதி கொள்ளாதீர்கள். அதன் சுவிட்ச் பொதுவாக 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே போனால்தான் விளக்கை எரியவிடும். கனமான ஆயில் ஊற்றினால் முள் சற்று உயரும், ஆனால் பேரிங் தேய்மானமோ பம்ப் ஆயிலை உறிஞ்சும் இடத்தில் அடைத்த வடிகட்டியோ (ஸ்ட்ரெய்னர்) அதனால் சரியாகாது, கண்ணுக்கு மறையும். குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது மேல்பகுதிக்கு ஆயில் போய்ச் சேரவும் தாமதமாகும்.

கேட்டவர்

கனெக்டருக்குள் ஆயில் நின்றது. பவுடரில் ஈரக்கோடும் சென்சாரிலிருந்தே தொடங்கியது. மெக்கானிக்கல் கேஜ் குளிரில் 4 பாரும், சூடான ஐடிலிங்கில் 1.2 பாரும் காட்டியது. புது சென்சார் போட்டபின் சொட்டுவது நின்றுவிட்டது, முள்ளும் தாவுவதில்லை. ஆனால் இப்போது குளிரிலேயே 2 பார்தான் காட்டுகிறது. டெஃப்ளான் டேப் சுற்றிப் பொருத்தியதால் எர்த் கெட்டிருக்குமா?

மறுமொழி 1

ஒற்றை வயர் சென்சாருக்கு மரைதான் எர்த் என்பதால் டேப்பை எடுத்துவிடுவது நல்லது. ஆனால் உங்கள் வகையில் எர்த் கெட்டால் மின்தடை கூடி, முள் உயர்த்தித்தான் காட்டும். குறைவதற்கு அது காரணமாகாது. எல்லா அளவும் ஏறக்குறைய பாதியாகத் தெரிகிறது என்றால், 5 பார் கேஜுக்கு 10 பார் சென்சாரைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் 10 முதல் 180 ஓம் வரையே இயங்கும், மரையும் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதால் கடையில் எளிதில் மாறிவிடும். சென்சாரின் உடலில் பொறித்திருக்கும் பார் அளவைப் படித்து, கேஜுக்குப் பொருந்துவதாக மாற்றிக்கொள்ளுங்கள்.