வயிற்று நீரில் ஏடிஏ (காசநோயில் ஏறும் ஒரு நொதி) 48, சிபிநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) நெகட்டிவ்: காசநோய் இல்லை என்று விட்டுவிடலாமா?

கோத்தகிரி செவிலியர்:
தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் 34 வயதுப் பெண். இரண்டு மாதமாகச் சாயங்காலக் காய்ச்சல், 6 கிலோ எடை குறைவு, வயிற்றில் நீர். நீரில் புரதம் 4.6 கிராம், செல் 850, அதில் 90% லிம்போசைட் (ஒருவகை வெள்ளணு). ஆல்புமின் ரத்தத்தில் 3.1, நீரில் 2.4. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். ரத்தத்தில் சிஏ-125 என்ற புற்றுநோய்க் குறியீடு கூடியிருப்பதால் சினைப்பைப் புற்றுநோயோ என்ற சந்தேகமும் இருக்கிறது. அடுத்து என்ன செய்யலாம்?

உதகை, பொது மருத்துவம்:
விடவே கூடாது. ஆல்புமினில் ரத்தத்தின் 3.1-ல் நீரின் 2.4 போனால் 0.7. இது 1.1-க்குக் கீழே இருப்பதால் கல்லீரல் அழுத்தத்தால் வந்த நீராக இருக்க வாய்ப்பு குறைவு, பெரிடோனியத்திலேயே (வயிற்றின் உள்சவ்வு) கோளாறு. லிம்போசைட்டும் 40-ஐத் தாண்டிய ஏடிஏவும் காசநோய் பக்கம்தான் கை காட்டுகின்றன. ஆனால் லிம்போமாவிலும் (நிணநீர்ப் புற்றுநோய்) ஏடிஏ ஏறும், அதை மட்டும் வைத்து மருந்து தொடங்க வேண்டாம். வயிற்று நீரில் கிருமி மிகக் குறைவு. சிபிநாட் நெகட்டிவ் வருவது சகஜம். சிஏ-125 பெரிடோனியக் காசநோயிலும் நன்றாகவே ஏறும். அதை நம்பிக் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது. நீரில் புற்றுச்செல் பாருங்கள், சிடி எடுங்கள், பிறகு லேப்பராஸ்கோபி பயாப்ஸி (சிறு துளை வழியே கேமரா விட்டுத் திசு எடுப்பது). எச்ஐவி, சர்க்கரை இரண்டும் கட்டாயம். ரத்தத்தில் காசநோய் ஆன்டிபாடி டெஸ்ட் வேண்டாம். 2012-லேயே அரசு தடை செய்துவிட்டது.

நோய்க்குறியியல் லேப்:
பயாப்ஸி எடுக்கும் முன்பே இரண்டு டப்பா தயாராக இருக்கட்டும். ஒன்றில் 10% ஃபார்மலின், திசுப் பரிசோதனைக்கு. இன்னொன்றில் திசு காயாத அளவுக்கு ஸ்டெரைல் நார்மல் சலைன், சிபிநாட்டுக்கும் கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது). எல்லாத் துண்டையும் ஃபார்மலினில் போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கிருமி செத்துவிடும், கல்ச்சரே போட முடியாது, மருந்து எதிர்ப்பும் தெரியாமல் போகும்.

கோத்தகிரி செவிலியர்:
சலைன் டப்பாவைக் கோவைக்கு அனுப்பினால் தாங்குமா?

நோய்க்குறியியல் லேப்:
ஐஸ் பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் அன்றைக்கே மலை இறங்கிவிட்டால் தாங்கும். உறைய விடாதீர்கள், ஐஸ் பேக் டப்பாவில் நேராக ஒட்டக்கூடாது.

கூடலூர், மருத்துவ அலுவலர்:
இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும்: எங்கள் பக்கம் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் உண்டு. வயிற்று வலி வந்தாலே அதன் கணக்கில் எழுதிவிடுகிறோம். காய்ச்சலும் எடைக் குறைவும் வாரக்கணக்கில் நீடித்தால் காசநோயும் தேட வேண்டும். சிறுகுடல் முடிவில் புண் இருந்து, கிரோன்ஸ் (குடல் அழற்சி நோய்) என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் பரவிவிடும். கொலனோஸ்கோபியில் புண்ணின் ஓரத்திலிருந்து 6 முதல் 8 துண்டு எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை லிவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வேண்டாம். அது காசநோய்க் கிருமியையும் பாதி அடக்கி, கல்ச்சரை நெகட்டிவ் ஆக்கிவிடலாம்.