லிந்தாங் ரோடு சொந்தங்கள் (மலேசியா, சுங்கை சிப்புட் குடும்ப வாட்ஸ்அப் குழு): ஞாயிறு காலை

ஈப்போ சித்தி, 7:12
ராத்திரி திருவிழாவில் என்ன ஆச்சு? இங்கே ஈப்போவரைக்கும் ஆளுக்கு ஒரு கதை வந்துவிட்டது. செல்வி மகன் என்கிறார்களே, நிஜமா?

பெரிய மாமா, 7:20
நிஜம்தான். தேர் கிளம்பும் நேரம், கச்சான் விற்கிற இடத்தில். எதிர்த்த தாமான் (குடியிருப்பு) பையன் ஒருத்தன் முறைத்தானாம். இவன் மோட்டார் கூடையில் பாராங் கத்தியைச் சட்டையில் சுற்றி வைத்திருந்திருக்கிறான், எடுத்துவிட்டான். அந்தப் பையனுக்கு முன்கையில் 14 தையல், உயிருக்கு ஒன்றுமில்லை. நம்ம ஆள் போலீஸ் பாலாயில் (நிலையத்தில்) இருக்கிறான்.

ஈப்போ சித்தி, 7:21
முறைத்ததற்கா???

பெரிய மாமா, 7:22
முறைத்ததற்குத்தான். 16 வயசு, படிவம் 4. எல்லாம் சினிமாவும் கைப்பேசியும் செய்கிற வேலை. ஹீரோ அரிவாளைத் தூக்கினால் இவன்களுக்கு விசில். அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் இப்படி நடந்ததா?

பெரிய மாமா, 7:24
↪ பலமுறை பகிரப்பட்டது
"தாய்மார்களே! பிள்ளையை ஒழுங்காக வளர்க்கத் தெரியாவிட்டால் பெற்றுக்கொள்ளாதீர்கள்! அடித்து வளர்க்காத பிள்ளை ஊரிடம் அடி வாங்கும்..." (மேலும் படிக்க)

செல்வி அக்கா குழுவிலிருந்து வெளியேறினார்

கதிர், 7:40
மாமா, சினிமாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். 1961ல் அமெரிக்காவில் பண்டூரா என்கிறவர் ஒரு சோதனை செய்தார். சின்னப் பிள்ளைகள் முன்னால் பெரியவர் ஒருவர் காற்றடித்த பொம்மையைக் குத்துகிறார், சுத்தியலால் அடிக்கிறார். அப்புறம் பிள்ளைகளை அந்தப் பொம்மையோடு விட்டால், பார்த்தவர்களில் நிறைய பேர் அதே அடி, அதே குத்து. சும்மா விளையாடிக்கொண்டிருந்த பெரியவரைப் பார்த்த பிள்ளைகள் அந்த அளவுக்குச் செய்யவில்லை.

பெரிய மாமா, 7:43
அதைத்தானே நானும் சொல்கிறேன். பார்த்ததைச் செய்கிறான். படத்தைப் பார்த்துச் செய்கிறான்.

கதிர், 7:45
1963ல் படம் காட்டியும் சோதித்தார், அதைப் பார்த்தும் அடித்தார்கள். அதை மறைக்கவில்லை மாமா. ஆனால் முதல் சோதனையில் அந்த அறையில் திரை இல்லை, ஒரு பெரிய மனுஷர்தான் இருந்தார். செல்வி அக்கா வீட்டில் பெரிய மனுஷர் யார், அவர் என்ன செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பெரிய மாமா, 7:46
குடும்ப விஷயத்தைக் குரூப்பில் பேசாதே.

டீச்சர் அத்தை, 7:50
ஏன் பேசக்கூடாது? நீங்கள்தானே முதலில் தாய்மார்களே என்று ஆரம்பித்தீர்கள். (பக்கத்து அறையில்தான் இருக்கிறேன், ஆனால் இதை எழுத்தில் சொன்னால்தான் உங்களுக்கு ஏறும்.)
28 வருஷம் தமிழ்ப்பள்ளியில் பழமொழி சொல்லிக்கொடுத்தேன். அடியாத மாடு படியாது, அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான், அடிக்கிற கைதான் அணைக்கும். இத்தனை அடியை வேறு எந்த ஜாதி ஜனம் பழமொழியில் வைத்திருக்கிறது என்று தெரியவில்லை. ஒருமுறை நான்காம் ஆண்டுப் பையன் ஒருத்தன் கடைசிப் பழமொழிக்குப் பொருள் எழுதினான், "எங்க வீட்டில் அணைக்கிற கை இல்லை டீச்சர்" என்று. நான் தவறு போட்டேன். சிவப்பு மையில். பொருள் அது இல்லையே, பாடநூலில் இருப்பது வேறே.

ஈப்போ சித்தி, 7:53
அண்ணே, உங்க வீட்டு ப்ரிட்ஜ் மேலே இன்னும் அந்த ரோத்தான் (பிரம்பு) இருக்குதானே? பச்சைப் பிளாஸ்டிக் கைப்பிடி போட்டது. ரன்சிட் (மளிகை) கடையில் விளக்குமாற்றுக் கட்டோடு தொங்குமே.

பெரிய மாமா, 7:54
அது சும்மா இருக்கு. பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட மட்டும். நாம் அதில் அடி வாங்கித்தானே மனுஷன் ஆனோம்.

பாட்டி, 8:02
🎤 குரல் செய்தி 2:14

நான், 8:09
பாட்டி பேசியதை எழுதிப் போடுகிறேன், பாதிப் பேர் குரல் செய்தியைத் திறப்பதே இல்லை:
"அந்தக் காலத்தில் நடக்கலையான்னு பெரியவன் கேட்கிறான். விடியறதுக்கு முன்னே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகணும். கங்காணி திட்டுவான், கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) திட்டுவான், உங்க தாத்தா தலையைக் குனிஞ்சிக்கிட்டு நிப்பாரு. சாந்தமான மனுஷன்னு ஊரே சொல்லும். சாயங்காலம் கள்ளுக்கடையில இருந்து வருவாரு. லயத்துக்குள்ள சாந்தம் கிடையாது. சட்டியோ மம்பட்டிப் பிடியோ, கையில கிடைச்சது. நான் யாரை அடிக்க முடியும்? பெரியவனைத்தான் விறகுக்கட்டையால அடிச்சேன். அவன் என்ன தப்பு செஞ்சான்னு யோசிச்சுப் பார்க்கிறேன், ஞாபகம் வரலை."

பெரிய மாமா, 8:11
அம்மா, இதெல்லாம் எதற்கு இப்போது.

கிள்ளான் பெரியப்பா, 8:30
குரல் செய்தியில் அத்தை சொன்னதும் எங்க அப்பா நினைப்பு வந்துவிட்டது. கிள்ளான் பக்கம் பால் மரம் (ரப்பர்) வெட்டியவர், 1941 வேலைநிறுத்தத்தில் இருந்தவர். சம்பளம் மட்டும் கேட்டார்கள் என்று நினைக்காதீர்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பதை நிறுத்து, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு, பொம்பளைகள் மேல் கை வைக்காதே, இதெல்லாம் கோரிக்கை. பட்டாளத்தைக் கொண்டுவந்து சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள். அப்பா அந்தச் சைக்கிள் கதையைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறும்.
நான் யோசிப்பது இதுதான். முறைத்தான் என்று வெட்டினவனுக்கும் கேள்வி அதே மானம்தான். அப்பா காலத்தில் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து கேட்டார்கள், யாரிடம் கேட்க வேண்டுமோ அவனிடம் கேட்டார்கள். இவனுக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாது. வேலை செய்கிற இடத்தில் ஒருத்தன் கேவலமாகப் பேசியிருப்பான், வகுப்பில் கடைசி பெஞ்சு, வீட்டில் அப்பன் ஏறி மிதிக்கிறான். எல்லாவற்றுக்கும் சேர்த்து, இவனை மாதிரியே இருக்கிற இன்னொரு செம்பனைத் தோட்டத்துப் பையன் மேல் கத்தி வைக்கிறான்.

பெரிய மாமா, 8:36
அத்தான் சொல்வது நியாயம். ஆனாலும் கத்தி எடுத்தது எடுத்ததுதானே? அப்பா அடித்தார் என்று நான் யாரையும் வெட்டினேனா?

கிள்ளான் பெரியப்பா, 8:38
இல்லை மச்சான். நான் அவனுக்கு வக்காலத்து வாங்கவில்லை.

ஈப்போ சித்தி, 8:41
நம்ம ஊர் ராசியே அப்படி என்று எங்க மாமியார் சொல்வார். 1948 ஜூன் 16ல் சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமாரைச் சுட்டுத்தானே நாடு முழுக்க அவசரகாலம் வந்தது, 1960 வரைக்கும்.

டீச்சர் அத்தை, 8:43
அதே ஊரில்தான் 1954ல் மகாத்மா காந்தி பேரில் தமிழ்ப்பள்ளியும் திறந்தார்கள். ராசி கீசி எல்லாம் இல்லை.
இன்னொன்று சொல்லவேண்டும். தோட்டத்தில் ஒருத்தன் கை ஓங்கினால் பத்து வீட்டு ஆள் வெளியே வரும், கங்காணி வருவான், பூசாரி வருவான், "யார் மகன்டா நீ" என்று கேட்க ஒருத்தர் இருந்தார். தோட்டத்தை விற்றார்கள், நாம் மலிவு வீட்டுக்கு வந்தோம், கிரில் கேட்டைப் பூட்டிக்கொண்டோம்.

ஈப்போ சித்தி, 8:47
அண்ணி, அங்கேயும் எல்லாவற்றுக்கும் வரமாட்டார்கள். ஆம்பளை சண்டைக்கு வருவார்கள். அம்மா அடி வாங்கும்போது யார் வந்தார்கள்? புருஷன் பொண்டாட்டி விஷயம் என்று பக்கத்து வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைப்பார்கள். எனக்கு ஞாபகம் இருக்கு, ஒவ்வொரு முறையும் அந்த ரேடியோ.

ஈப்போ சித்தி, 8:52
நானும் அப்படித்தான் செய்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் செல்வி ராத்திரி ஒரு மணிக்குப் போன் செய்தாள். பின்னால் பையன் அழுகிற சத்தம் கேட்டது, 12 வயசு அப்போது. "பொறுத்துக்கோ, ஆம்பளை என்றால் கை நீட்டத்தான் செய்வான், பிள்ளைக்காகப் பாரு" என்றேன். பிள்ளைக்காக.

கதிர், 8:55
சித்தி, அதற்குக் குடும்ப வன்முறைச் சட்டம் 1994லேயே வந்துவிட்டது, 1996லிருந்து நடைமுறை. 2017 திருத்தத்துக்குப் பிறகு சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம், ஏழு நாளுக்குச் செல்லும், அடிக்கிறவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் போடலாம். 15999, தாலியான் காசே என்கிற அரசாங்க உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். தம்பிக்கு 18 ஆகவில்லை, 2001 சிறார் சட்டப்படி சிறார் நீதிமன்றம்தான். இன்றைக்கே வக்கீல் பார்க்கவேண்டும். செல்வி அக்கா, இதைச் சேமித்து வையுங்கள்.

நான், 8:56
யாரிடம் சொல்கிறாய்? அக்கா 7:26க்கே குரூப்பை விட்டுப் போய்விட்டார்.

பெரிய மாமா தன் 7:24 செய்தியை நீக்கினார்

கிள்ளான் பெரியப்பா, 9:01
மச்சான், நீக்கினால் என்ன, செல்வி படித்துவிட்டுத்தானே போனது. போன் போட்டுப் பாருங்கள்.

நான், 9:04
போட்டேன். மூன்று முறை. எடுக்கவில்லை.

பாட்டி, 9:06
🎤 குரல் செய்தி 0:07

நான், 9:07
"யாராச்சும் வீட்டுக்குப் போங்க" என்கிறார்.

டீச்சர் அத்தை, 9:08
நான் கிளம்புகிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு பாலாய்க்கு, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு. அந்தப் பையனையும் பார்க்கவேண்டும், அவன் அம்மா என்னிடம் படித்தவள். கதிர், நீ தெரிந்த வக்கீலைக் கேள். என்னங்க, கார் சாவி எங்கே?

பெரிய மாமா, 9:10
ப்ரிட்ஜ் மேலே. ரோத்தானுக்குப் பக்கத்தில். இரு, நானும் வருகிறேன்.