பியாட் குண்டை எறிந்தது ஸ்பிரிங்கா, வெடிமருந்தா?

பீரங்கிப்பித்தன்:
நேற்று இங்கே, இந்தக் கனரக ஆயுதத் தலைப்பில், ஒருவர் எழுதிவிட்டுப் போனதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரன் ஜெர்மன் டாங்கி மேல் ஸ்பிரிங் கவண் எறிந்தான், அதற்குப் பெயர் பியாட்" என்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு! பியாட் என்பது சிப்பாய் தோளில் தாங்கி டாங்கி மேல் சுடும் ஆயுதம். அதில் ஸ்பிரிங் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குண்டை எறிவது அது அல்ல. குண்டின் வால்குழாய்க்குள் ஒரு சின்ன வெடிமருந்துத் தோட்டா இருக்கும். டிரிகரை அழுத்தினால் ஸ்பிரிங் ஒரு தடித்த எஃகுத் தண்டை அந்த வாலுக்குள் தள்ளும், தண்டின் நுனி தோட்டாவைக் குத்தும், தோட்டா வெடிக்கும். குண்டு முன்னால் போகும், தண்டு பின்னால் வரும். இவ்வளவுதான் விஷயம்.

கோட்டைவாசல்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லவும் வாய் வரவில்லையா? அந்த ஸ்பிரிங்கை இழுத்து மாட்ட ஏறக்குறைய 90 கிலோ பலம் வேண்டும். ஒரு ஊசியைக் குத்தவா 90 கிலோ? கொசு அடிக்க உலக்கையா? கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதலாமே.

தாள்புலி:
முதலில் "கனரக ஆயுதம்" என்று எதைச் சொல்கிறோம்? பியாட் சுமார் 15 கிலோ, ஒருவனே தூக்கிக்கொண்டு ஓடலாம். அதை இந்தத் தலைப்பில் சேர்க்கலாமா என்றே எனக்குச் சந்தேகம்.

பீரங்கிப்பித்தன்:
உலக்கைக்கு வருகிறேன். 90 கிலோ எதற்கு என்றால், பின்னுதைப்பைத் தாங்க. தண்டு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போதே தோட்டா வெடிக்கிறது. முன்னால் வரும் எடை உதைப்பில் ஒரு பங்கை விழுங்கும், மீதி தண்டைப் பின்னால் தள்ளி ஸ்பிரிங்கை மறுபடி மாட்டிவிடும். மாட்டவேண்டும் என்பது திட்டம். சிப்பாய் தோளை இறுக்கிப் பிடிக்காவிட்டால் மாட்டாது. அப்போது ஆயுதத்தை நட்டமாக நிறுத்தி, தோள்கட்டையை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, ஆயுதத்தின் உடலைத் திருகி, முதுகு நோக மேலே இழுக்கவேண்டும். எதிரே டாங்கி வரும்போது பள்ளத்தில் படுத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள்.

கோட்டைவாசல்:
பக்கம் பக்கமாக எழுதினால் உண்மையாகிவிடுமா? நேரடியாகக் கேட்கிறேன். அமெரிக்கர்களின் ராக்கெட் குழாய் பசூக்காவைச் சுட்டால் பின்னால் நெருப்பும் புகையும் பறக்கும். பியாட் சுட்டால் ஒன்றும் இல்லை. ஏன்? ஸ்பிரிங்! அதனால்தான் அறைக்குள்ளிருந்தும் சுட முடிந்தது. 1944 மே 16 அன்று இத்தாலியின் மான்டே காசினோவில் பிரிட்டிஷ் சிப்பாய் ஃபிராங்க் ஜெஃபர்சன் எழுந்து நின்று இடுப்பில் வைத்தே சுட்டு டாங்கியை முடித்தார், பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கினார். மருந்து எறிந்திருந்தால் மனிதன் என்ன ஆகியிருப்பான்?

பீரங்கிப்பித்தன்:
பசூக்கா ராக்கெட், அதற்குப் பின்பக்கம் திறந்த குழாய். பியாட்டில் மருந்துப் புகை குண்டின் வாலுக்குள்ளேயே அடைபட்டுவிடும். நெருப்பு வெளியே தெரியவில்லை என்றால் அடுப்பே இல்லை என்று சொல்வீர்களோ?

சரி, கணக்கே போடுகிறேன். குண்டு வெளியேறும் வேகம் நொடிக்கு 76 மீட்டர். எடையைக் குறைத்து ஒரு கிலோ என்றே வைப்போம். கிட்டத்தட்ட 2,900 ஜூல் ஆற்றல் வேண்டும். உங்கள் 90 கிலோ ஸ்பிரிங், முழுப் பலத்தோடு அரை மீட்டர் தள்ளுவதாகத் தாராளமாக வைத்தாலும் 440 ஜூல். மீதியை யார் கொடுத்தார்கள், சர்ச்சிலா?

கோட்டைவாசல்:
"அரை மீட்டர் என்று வைத்தால்". அதாவது உங்களுக்குத் தெரியாது. நன்றி.

பீரங்கிப்பித்தன்:
உங்களுக்குச் சாதகமாகத்தான் ஐயா கூட்டி வைத்தேன்! அதைக் குறைத்தால் உங்கள் குண்டு சுட்டவன் காலிலேயே விழும்.

சிப்பாய்மகன்:
ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, அதைச் சுட்டவனைப் பற்றிப் பேசுங்கள். 1944 ஜூன் 12, இம்பாலுக்குத் தெற்கே நிங்தௌகோங். ஏழாம் கூர்க்கா ரைபிள்ஸைச் சேர்ந்த கஞ்சு லாமாவுக்கு இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது, வலது கையிலும் காலிலும் காயம். பியாட்டோடு ஊர்ந்தே போய், 30 கஜத்துக்குள் நெருங்கி, ஜப்பானிய டாங்கி இரண்டைத் தீர்த்தார். அவருக்கும் விக்டோரியா கிராஸ். ஒரு கூர்க்கா செய்த வேலை இது.

தாள்புலி:
அவர் கூர்க்கா இல்லை, சிக்கிமைச் சேர்ந்த பூட்டியா இனத்தவர். பெயரும் கஞ்சு இல்லை, கியாம்ட்சோ. ஆளெடுப்பு அலுவலக எழுத்தர் எழுதியதில் கஞ்சு ஆகிவிட்டது.

சிப்பாய்மகன்:
கூர்க்கா படைப்பிரிவில் இருந்தார், கூர்க்கா சீருடையில் ரத்தம் சிந்தினார். சாதிச் சான்றிதழ் பார்த்தா வீரத்தை அளப்பீர்கள்?

தாள்புலி:
நான் வீரத்தைப் பற்றிப் பேசவே இல்லையே. ஊரையும் பெயரையும் சரியாகச் சொல்லுங்கள் என்றேன்.

கோட்டைவாசல்:
பார்த்தீர்களா, மணிக்கட்டு உடைந்தவர் சுட்டிருக்கிறார். உதைப்பு குறைவு. ஏன் குறைவு? ஸ்பிரிங்.

பீரங்கிப்பித்தன்:
உதைப்பைத் தாங்குவது ஸ்பிரிங் என்று நான்தானே மேலே எழுதினேன்! தாங்குவது வேறு, எறிவது வேறு. முப்பதாவது முறையாகச் சொல்கிறேன்.

கோட்டைவாசல்:
போன மாதம் ஜப்பானின் 89ஆம் வகை குண்டெறியைத் தொடையில் வைத்துச் சுடுவார்கள் என்று எழுதியவர் எனக்குப் பாடம் எடுக்கிறார். தொடை எலும்பு என்ன ஆகும் தெரியுமா?

பீரங்கிப்பித்தன்:
பொய். அடித்தட்டு வளைந்திருந்ததைப் பார்த்துவிட்டு நேச நாட்டுச் சிப்பாய்கள் "முழங்கால் மோர்ட்டார்" என்று பெயர் வைத்தார்கள், அப்படித்தான் சுடுவது என்று நம்பினார்கள் என்று எழுதினேன். அது தரையில் ஊன்றிச் சுடுவது என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. பாதி வரி படிக்கும் பழக்கம் உங்களுக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நீங்கள் ரோஜர் மூர் படம் பார்த்து ராணுவம் கற்றவர் என்று அப்போதே சொன்னேன்.

பனிப்போர்ப்பிரியன்:
இதெல்லாம் ஒரு வினோதமா? டேவி கிராக்கெட்டைப் பாருங்கள். 1961இல் அமெரிக்கக் காலாட்படை கையில் அணுகுண்டையே கொடுத்தது. எடை குறைந்த மாடல் 2 கிலோமீட்டர்தான் போகும். முக்காலியில் நிறுத்திச் சுட்டுவிட்டுப் பள்ளத்தில் பதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கோட்டைவாசல்:
அதிலாவது ஸ்பிரிங் இருக்கிறதா, பித்தனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பீரங்கிப்பித்தன்:
நக்கலுக்குக் குறைச்சல் இல்லை. பியாட்டின் மூலமே தெரியாது உங்களுக்கு. பிரிட்டிஷ் கர்னல் பிளாக்கர் அதற்கு முன் செய்தது பாம்பார்டு என்ற பெரிய குண்டெறி. அதே தண்டு, அதே வால்குழாய், அதே மருந்து. அதைத் தோளில் தூக்குகிற அளவுக்குச் சின்னதாக்கப் பார்த்தார், பிறகு மேஜர் ஜெஃபரிஸ் எடுத்து முடித்தார். பரம்பரையே மருந்துப் பரம்பரை. நாளை வால்குழாயைப் படம் வரைந்து போடுகிறேன்.

கோட்டைவாசல்:
வரையுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வரையுங்கள். குண்டு எப்படிப் போகிறது என்று பார்ப்போம்.

தாள்புலி:
கனரகம் என்றால் எது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.