பித்தளைக் கைப்பிடி ரோஸ் கலராயிடுச்சு, அவசரம்!

மஞ்சக்கிளி: கதவுக் கைப்பிடி நாலும் கறுத்துக் கிடந்துச்சு. ஆசிட்ல ஊறப்போட்டு எடுத்தா ரோஸா இருக்கு. பழைய நிறம் வருமா? சீக்கிரம் சொல்லுங்க.

இடுக்கி: என்ன ஆசிட்? எவ்வளவு நேரம்? கூட வேற ஏதாவது கிடந்துச்சா?

கலவைராஜா: பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும் கலந்தது. அதுல துத்தநாகம் கரைஞ்சு போச்சு. ஆசிட் அதைத்தான் முதல்ல தின்னும். மிஞ்சுறது பொத்தலான செம்பு, பலமே இருக்காது. மாத்திடுங்க.

பட்டறை64: முலாம் பூசின இரும்பா இருக்கும். காந்தம் ஒட்டுதான்னு பாருங்க.

கலவைராஜா: இல்ல, நான் சொன்னதுதான். அடுத்த தடவை அம்மோனியா போடுங்க, கறுப்பு நல்லாப் போகும்.

மூத்தகுடி: ராஜா, ஆர்வம் இருந்தா மட்டும் போதாது. அடிச்சு வளைச்சதால உள்ளே இறுக்கம் தங்கின பித்தளையில அம்மோனியா பட்டா விரிசல் விடும். பிரிட்டிஷ் இந்தியாவுல மழைக்காலத்துல லாயத்துப் பக்கம் வெச்ச தோட்டா உறைகள் அப்படித்தான் விரிசல் விட்டுது. குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம்.

கலவைராஜா: அது மாசக்கணக்குல வெச்சிருந்தது. அஞ்சு நிமிஷம் துடைச்சா ஒண்ணும் ஆகாது.

மூத்தகுடி: கைப்பிடி வார்ப்பா, அடிச்சதான்னு தெரியாம எப்படிச் சொல்றீங்க?

இடுக்கி: சண்டையை வேற இழையில வெச்சுக்கோங்க. கேட்டவர் எங்கே?

மஞ்சக்கிளி: சிட்ரிக் ஆசிட், ராத்திரி பூரா. ஸ்க்ரூவைக் கழட்டல. காந்தம் ஸ்க்ரூல மட்டும் ஒட்டுது.

இடுக்கி: ஸ்க்ரூதான் வில்லன். பித்தளையிலிருந்து கொஞ்சம் செம்பு கரைஞ்சு தண்ணியில இருக்கும். இரும்பு கரையும்போது விடுற எலக்ட்ரானைப் பிடிச்சுக்கிட்டு அந்தச் செம்பு கைப்பிடி மேலேயே படியும். நகைப் பட்டறையில ஆசிட் தொட்டிக்குள்ள இரும்பு இடுக்கியை விடாததும் இதனாலதான்.

முதல்ல மறைவான இடத்துல ஊசியால கீறுங்க. உடனே மஞ்சள் தெரிஞ்சா வெறும் படலம். கீறக் கீற சிவப்பாவே இருந்தா ராஜா சொன்னது சரி.

படலம்னா, ஸ்க்ரூ எல்லாத்தையும் கழட்டிட்டு பிளாஸ்டிக் டப்பாவுல 3% ஹைட்ரஜன் பெராக்சைடு அரை லிட்டர், சிட்ரிக் ஆசிட் 25 கிராம். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கோங்க. 2 நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. மஞ்சள் வந்ததும் நிறுத்திடணும், விட்டா பித்தளையையே அரிக்கும். டப்பாவை மூடாதீங்க, வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். அப்புறம் சோடா உப்புத் தண்ணியில அலசி, நல்லாக் காய வெச்சு, மெழுகு பாலிஷ் போடுங்க.

பட்டறை64: வெறும் பித்தளை பாலிஷே போதுமே?

இடுக்கி: சமதளத்துல போதும். செதுக்கு வேலைக்குள்ள துணி போகாது.

கலவைராஜா: லாக்கர் (வார்னிஷ் மாதிரி பூச்சு) அடிங்க, மெழுகு நிக்காது.

மூத்தகுடி: கை படுற இடத்துல லாக்கர் உரிஞ்சு, அந்த விளிம்புலதான் கறுப்பு ஏறும்.

மஞ்சக்கிளி: கீறினா மஞ்சள். ரெண்டு முடிஞ்சுது, ஓட்டைக்குள்ள மட்டும் கொஞ்சம் சிவப்பு. நன்றிங்க.

இடுக்கி: அந்த ஓட்டையில பழைய ஸ்க்ரூ துண்டு ஏதும் உடைஞ்சு நிக்குதா?