புதுப்பிப்பு: ஜனதாவுக்குப் பச்சை அடிக்கவில்லை

அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தின் டயலுக்குப் பச்சை வண்ணம் அடிக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் அடிக்கச் சொன்னீர்கள். அடிக்கவில்லை.

வேலூர் லாங் பஜார் பக்கம் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் டயலைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். வெள்ளை, ஓரங்களில் தேன் நிறமாகியிருந்தது. ஆறு மணிப் பக்கம் மட்டும் டீக்கறை போல. "மறுபடி அடித்தால் எழுத்து தடித்துப்போகும், தம்பி" என்று சொல்லி, அப்படி அடித்த இன்னொரு ஜனதாவைப் பக்கத்தில் வைத்தார். நிமிடக் கோடுகள் மை ஊறியதுபோல இருந்தன. அதோடு பேச்சு முடிந்தது. எண்ணெய் மட்டும் விட்டு வாங்கிவந்தேன். தினமும் காலையில் சாவி கொடுக்கிறேன்.

பச்சை ஆசை போகவில்லை. தனியாக ஒன்று வாங்கிவிட்டேன் (வீட்டில் விலையைக் குறைத்துத்தான் சொன்னேன்). சன்பர்ஸ்ட் டயல்: நடுவிலிருந்து கதிர்போல மெல்லிய கோடுகள் இழுத்து, மேலே ஒளி ஊடுருவும் வண்ணம் பூசுவார்கள். கடை டியூப்லைட்டில் கறுப்பாகத் தெரிந்தது, கோட்டை அகழியோர வெயிலில் மாவிலைப் பச்சையாக மாறியது. வேலூரில் வெயிலுக்கா பஞ்சம்!

ஒரு தவறு செய்தேன். புதியதின் கேஸ், அதாவது வெளிக்கூட்டின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்பதை மட்டும் பார்த்தேன். வார் மாட்டும் முனைகளுக்கு இடையிலான நீளம் 49. என் ஒல்லி மணிக்கட்டில் இருபுறமும் துருத்துகிறது. முனைகள் கீழ்நோக்கி வளைந்திருந்தால் இதே அளவு படிந்து உட்கார்ந்திருக்கும். ஜனதாவின் விட்டமோ சுமார் 35தான். சட்டைக் கைக்குள் அப்படியே மறைந்துகொள்கிறது.